நாம் ஆடக் கற்ற கதை

சென்ற திங்கள் இப்பத்தியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பெறும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், அடுத்த முறை குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதைப் பற்றி எழுதுமாறு கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பொறுத்தருள வேண்டும். குடும்ப அட்டை ஒரு திங்கள் காத்திருக்கும். இம்முறை நாம் எழுதப்போவது ஆட்டத்தைப் பற்றி. அதுவும் நாமே ஆடிய ஆட்டத்தைப் பற்றி.

நகைக்க வேண்டா. நமக்கு அகவை முப்பத்தாறு. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு இடையே அமர்ந்து பதினான்கு ஆண்டுகளாக வளைந்தது முதுகு ஒன்றே, இடுப்பு வளைந்ததில்லை. அப்படிப்பட்ட நாம் எட்டு வாரம், சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும், மைசூரில் ஒரு துணிக்கடையின் மாடியிலுள்ள கூடத்தில், நம் இல்லாளுடன் சேர்ந்து சல்சா என்னும் மேனாட்டு நடனத்தின் முதற்பாடங்களைக் கற்றோம். இச்செய்தி நம் சங்கத்தாரிடையே காதோடு காதாகப் பரவிப் பொங்கல் விழா நாளில் பெரியவர் இருவர் நம்மை ஓரமாக அழைத்து, "கேள்விப்பட்டது மெய்தானா, தம்பி?" என்று வினவும் அளவுக்கு வந்துவிட்டது. மெய்தான். பிறர் வாய்வழியே அது வளர்வதைவிட நம் கையாலேயே எழுதிவிடுவது நலம் என்று துணிந்தோம்.

முதலில், போனது ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர் பாலாறு. பாலாறு என்றதும் வாசகர்களுக்கு வேலூர் வழியே ஓடும் பேராறு நினைவுக்கு வரும். நாம் சொல்வது வேறு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கருநாடகம் தொடங்கும் இடத்தில், ஒரு சிற்றாறு காவிரியை நாடி ஓடுகிறது. அதன் பெயரும் பாலாறு. அதன் கரையில் இருக்கும் ஊரின் பெயரும் அதுவே. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்திற்குப் போயிற்று. நம் பாட்டனார் தம் வீட்டுத் திண்ணையை விட்டு ஓர் அடியும் நகராமலே அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் ஆனார். பின்னர் 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் நம் பழைய தாள்களில் இன்றும் 'பாலாறு, மைசூர் மாவட்டம்' என்றே இருக்கிறது.

நம் இல்லாள் பிறந்தது ஆற்றுக்கு அப்பால், கொளத்தூரில். திருமணத்தின்போது நாம் சேலத்தில் பணியில் இருந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், நம் அன்னையார் பாலாற்றில் தனித்திருப்பதை எண்ணியும், பிறந்த மாநிலத்திலேயே பணி செய்ய வேண்டும் என்னும் விருப்பாலும், மைசூருக்கு மாற்றல் கேட்டோம். சொந்த விருப்பத்தின்பேரில் ஒரு இரயில்வேயிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், பணி மூப்பை இழந்து பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும். அதற்கும் இசைந்தோம். மாற்றல் கிடைத்தது. குடும்பத்துடன் வந்து குடியிருப்பில் அமர்ந்தோம்.

நமக்குக் கன்னடம் தாய்மொழி போன்றது. இல்லாளுக்கோ காய்கறி விலை கேட்கும் அளவே வந்தது. மகள் பள்ளிக்கும் நாம் அலுவலகத்திற்கும் போன பின், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்றரை மணிவரை அவள் எவரோடும் பேசாதிருந்தாள். இது நமக்குத் தெரியும். எனினும் நாளடைவில் பழகிவிடும் என்று எண்ணினோம். குடிபெயர்ந்த குடும்பங்களில் ஆண்மக்கள் அனைவரும் எண்ணுவது இதுவே போலும். சென்ற ஆவணியில் ஒரு நாள் இரவு, தட்டில் சோறு இட்டுக்கொண்டே, "நான் குழந்தையை அழைத்துக்கொண்டு ஓராண்டு கொளத்தூரில் இருந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். சண்டையில்லை, கண்ணீர் இல்லை. விலை கேட்பது போலக் கேட்டாள். நாம் மறுமொழி சொல்லவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவளே வேறொன்று சொன்னாள். கடைத்தெருவில் ஒரு சுவரில், கணவன் மனைவியர் சேர்ந்து கற்கலாம் என்று நடன வகுப்பின் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். "போவோமா?" என்றாள். நான்கு ஆண்டுகளில் அவள் மைசூரில் விரும்பிக் கேட்ட முதற்பொருள் அது. மறுக்க நமக்கு வாய் எழவில்லை. இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் ஒரு மூட்டை நல்ல அரிசியின் விலை. கட்டினோம்.

இனி அந்த ஆட்டத்தின் வரலாறு. இதை அறிந்தால், அயலூர்ப் பிழைப்புக்கு வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இது முற்றிலும் அயலான ஆட்டம் அன்று என்பது விளங்கும்.

சல்சா என்பது ஸ்பானியச் சொல். குழம்பு, துவையல் போன்ற தொடுகறிக்கு அப்பெயர். பல பொருள் கலந்து ஒரு சுவையாவதால் இசைக்கும் அப்பெயர் பொருந்தி நின்றது. இதன் வேர் கியூபாத் தீவில் இருக்கிறது. அத்தீவின் கிழக்குப் பகுதியில் 'சோன்' என்னும் பாட்டும் ஆட்டமும் எழுந்தன. ஸ்பானியர் கொண்டுவந்த நரம்புக் கருவியும், கரும்புத் தோட்டத்தில் உழைப்பதற்காக அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முழவும் அதிலே கலந்தன. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். கரும்புத் தோட்டமும் கப்பலும் நம்மவருக்குப் புதியன அல்ல. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் கரும்பு வெட்டப் போன தமிழர் எத்தனை பேர்! பிஜித் தீவில் நம் பெண்டிர் பட்ட துயரைப் பாரதியார் பாடியதை அறியாதவர் யார்?

கியூபாவுக்கு அருகில் போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு உள்ளது. அம்மக்களுக்கு 1917இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் பெருந்திரளாக நியூயார்க் நகருக்குப் பிழைக்கச் சென்றார்கள். கிழக்கு ஹார்லெம், பிராங்க்ஸ் ஆகிய பகுதிகளில் நெருக்கமான வீடுகளில் குடியேறினார்கள். கியூபாவிலிருந்தும் இசைஞர்கள் வந்தார்கள். 1950களில் அந்நகரின் பல்லேடியம் என்னும் ஆட்டக்கூடத்தில் 'மாம்போ' என்னும் ஆட்டம் கொடிகட்டிப் பறந்தது. தீவுகளிலிருந்து வந்தவர், கறுப்பின மக்கள், இத்தாலியர், யூதர் எல்லாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அக்கூடம் 1966இல் மூடப்பட்டது. அதற்குள் 1964இல், டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேகோ என்னும் இசைஞரும், ஜெர்ரி மசூச்சி என்னும் வழக்கறிஞரும் ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 1970களில் அவர்கள் வெளியிட்ட இசைக்குச் சல்சா என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது. ஆகவே, விதை தீவிலே இருந்ததெனினும், பயிர் விளைந்தது பிழைக்க வந்தவர்களின் தெருவிலே என்று சொல்லலாம்.

அவ்விசையின் பேரரசி எனப் போற்றப்பட்டவர் செலியா குரூஸ் அம்மையார். கியூபாவில் பிறந்த அவர் 1960இல் தம் குழுவினருடன் நாட்டைவிட்டு வெளியேறினார். 1962இல் அவருடைய தாயார் இறந்தபோது, இறுதிச் சடங்கிற்கு வர அந்நாட்டு அரசு இசைவு தரவில்லை. 1990இல், கியூபா மண்ணிலேயே அமெரிக்கரின் பிடியிலிருக்கும் குவாண்டனாமோ தளத்தில் பாடச் சென்றவர், அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்தார். 2003இல் அவர் மறைந்தபோது அந்த மண்ணையும் அவருடன் வைத்து அடக்கம் செய்தார்கள்.

இதை நாம் படித்துச் சொன்னபோது இல்லாள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்குப் போக வழியில்லை. எனக்கு நாள்தோறும் பேருந்து இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வகுப்பிற்கு வருவோம். முதல் நாள் கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். வங்கியில் பணிபுரியும் கன்னடத் தம்பதியர், கேரளத்துக் கல்லூரி மாணவர் சிலர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எனப் பலதரப்பட்டவர். நம் மகள் மூலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து வீட்டுப் பாடம் எழுதினாள். அதாவது எழுதுவது போல நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுதும் கண்ணாடி. முப்பத்தாறு ஆண்டுகளில் நம் முழு உருவத்தை அவ்வளவு நேரம் நாம் கண்டதில்லை. காண விரும்பியதும் இல்லை.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. எட்டு எண்ணிக்கை. ஒன்றில் இடக்கால் முன்னே, இரண்டில் வலக்கால் நின்ற இடத்திலேயே எடை தாங்கும், மூன்றில் இடக்கால் திரும்பி வரும், நான்கில் ஓய்வு. ஐந்தில் வலக்கால் பின்னே, ஆறில் இடக்கால் எடை தாங்கும், ஏழில் வலக்கால் திரும்பி வரும், எட்டில் ஓய்வு. இது நடத்துபவருக்கு. தொடர்பவருக்கு இதுவே கண்ணாடியில் காண்பது போல மாறி வரும்: நாம் முன்னே போகும்போது அவர் பின்னே போவார். பெரும்பாலும் ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள் என்பது வழக்கம். மாற்றி ஆடுவோரும் உண்டு.

ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இவ்வெட்டு எண்ணிக்கை எளிதாகப் பிடிபடும். அதிலும் எட்டே அட்சரம். நான்காவதில் நடுவிரல் ஓசையின்றித் தொடையில் படும். எட்டாவதில் கை வீச்சாகத் திரும்பும். சல்சாவில் கால் ஓய்வதும் அதே நான்கிலும் எட்டிலும்தான். ஆயினும் எளிதாகப் பிடிபட்டது நம் மூளைக்கு, காலுக்கு அன்று. ஓய்வெடுக்க வேண்டிய நான்கிலே நாம் அடி எடுத்து வைத்தோம். வைத்த அடி இல்லாளின் கால்விரலில் விழுந்தது. முதல் வாரத்தில் இவ்வாறு ஒன்பது முறை நடந்ததாக மகள் வீட்டுப் பாடக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் கணக்கு வைத்திருந்தாள்.

தொடங்குபவர் செய்யும் பிழைகள் அனைவருக்கும் பொது என்று ஆசிரியர் தேற்றினார். அவற்றை இங்கே குறிக்கிறோம். கற்க விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படும். அடியை அகலமாக வைத்தல் முதற்பிழை. நம் பாதத்தின் நீளத்திற்கு மேல் வைக்க வேண்டியதில்லை. காலைக் குனிந்து பார்த்தல் இரண்டாவது. பார்வை தாழ்ந்தால் தோளும் தாழும், துணைவர் போகும் திசையும் தெரியாது. இடுப்பை வேண்டுமென்றே ஆட்டுதல் மூன்றாவது; முழங்காலை மாறி மாறித் தளர்த்தி எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுமையாக மாற்றினால் இடுப்பு தானே அசையும். ரப்பர் அடி வைத்த காலணி தரையைப் பற்றிக்கொள்ளும்; திரும்பும்போது முழங்காலுக்குத் தீங்கு; வழுவழுப்பான தோலடி நன்று. துணைவரின் கையைக் கட்டைவிரலால் இறுகப் பிடித்தல் எல்லாவற்றினும் பெரும்பிழை. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

இசையைக் கேட்பதற்கும் ஒரு பயிற்சி தந்தார். 'கிளாவே' என்னும் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுகிறார்கள். எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டு; ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. மற்ற கருவிகள் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் இந்த ஐந்து தட்டே இசையைத் தாங்கி நிற்கும். அதனுடன் காங்கா, பாங்கோ என்னும் முழவுகள். பாங்கோ என்றால் புதிதாகத் தோன்றலாம். ஆனால் 1960களில் விசுவநாதன், இராமமூர்த்தி இரட்டையர் அமைத்த திரைப்பாடல்களில் நாம் கேட்டு மகிழ்ந்த அந்தச் சிறிய இரட்டை முழவுதான் அது. அதுவும் கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்ததே. நம் வீட்டு வானொலிக்கு அது வந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம்தான் அதன் ஊரைக் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் துணைவரை மாற்றிக்கொள்ளும் முறை உண்டு. சில நிமிடத்திற்கு ஒரு முறை ஆசிரியர் கை தட்ட, ஒரு வரிசை அடுத்தவரிடம் நகர வேண்டும். ஒருவரோடே ஆடினால் அவருடைய பிழையே நமக்குப் பழகிவிடும் என்பது அதன் காரணம். பெரியவர்கள் நம்மை வினவியதும் இதைக் குறித்தே. இல்லாள் முதல் நாளே, தனக்கு அது வேண்டா என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னாள். ஆசிரியர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். வற்புறுத்தவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மூன்றாம் வாரத்தில் அவளே ஓய்வுபெற்ற ஆசிரியையுடன் ஆட விரும்பிப் போனாள். அந்த அம்மையார் நடத்துபவராக ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். நான்காம் வாரத்தில் வங்கித் தம்பதியரோடும் ஆடினாள். ஆடும்போது வழி தவறினால் 'மன்னியுங்கள்' என்றும், 'மீண்டும்' என்றும், 'மெதுவாக' என்றும் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில் காய்கறிக் கடை கற்றுத்தராத கன்னடத்தை நான்கு வாரத்தில் அந்தக் கூடம் கற்றுத்தந்தது. விலை கேட்பதற்கு வேண்டிய மொழி வேறு. ஒருவரோடு பழகுவதற்கு வேண்டிய மொழி வேறு என்பதை நாம் அன்று அறிந்தோம்.

ஐந்தாம் வாரம் திருப்பம் கற்றோம். நடத்துபவர் தம் இடக்கையை உயர்த்த, அதைப் பற்றியிருக்கும் துணைவர் அக்கையின் கீழ் வலப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நாம் ஆறு முறை முயன்றோம். ஆறு முறையும் இல்லாள் தடுமாறினாள். "நீ சரியாகத் திரும்பவில்லை" என்றோம். ஆசிரியர் வந்து நின்று பார்த்தார். பிறகு நம் கையைத் தம் கையில் வாங்கி, தாம் தொடர்பவராக நின்று, நம்மை நடத்தச் சொன்னார். நடத்தினோம். அவரும் தடுமாறினார்.

"ஐயா, நீங்கள் ஐந்தில் கையைத் தூக்கி ஐந்திலேயே இழுக்கிறீர்கள். ஒன்று, இரண்டு, மூன்றில் குறிப்புக் கொடுங்கள். நான்கில் ஓய்வு. அந்த ஓய்வு எதற்கென்றால், அவர் உங்கள் குறிப்பைக் கேட்டுக்கொள்வதற்கு. பிறகு ஐந்து, ஆறு, ஏழில் அவரே திரும்புவார். நீங்கள் திருப்ப வேண்டியதில்லை. குறிப்பில்லாமல் இழுத்தால், இழுபடலாம், அது ஆட்டமாகாது" என்றார். பிறகு நம் கட்டைவிரலை அவளுடைய கையிலிருந்து மெல்லப் பிரித்துவிட்டார். "இதை இறுகப் பிடித்தால் அவருக்கு வேண்டா என்று சொல்லவும் வழியில்லை" என்றார்.

வகுப்பு முடிந்து பேருந்தில் திரும்பும்போது நம் உள்ளம் சரியில்லை. அன்பர்களே, இப்பத்தியில் 'நாம்' என்று எழுதுவது நம் வழக்கம். மேலே ஓரிடத்தில், 'மைசூருக்கு மாற்றல் கேட்டோம். இசைந்தோம்' என்று எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லை வீட்டிலும் அப்படியே சொல்லி வந்தோம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் இருந்த கையொப்பம் ஒன்றுதான். அதை எழுதிய நாளில் இல்லாளிடம் சொல்லவில்லை. அனுப்பிய நாளிலும் சொல்லவில்லை. ஆணை வந்த பிறகு, சாமான் கட்டுவதற்குக் கோணிப்பை வாங்கி வரும் வேளையில்தான் சொன்னோம். நம் அன்னையைப் பேணும் கடமை என்றால் அவள் மறுத்திருக்கமாட்டாள். மறுக்கமாட்டாள் என்பதால் கேட்கவும் இல்லை. அவளுக்கு நான்காம் எண்ணிக்கை என்ற ஒன்றை நாம் கொடுக்கவேயில்லை.

எட்டாம் வாரம் முடிந்ததும் பொங்கலை அடுத்த விடுமுறையில் பாலாற்றுக்குப் போனோம். மைசூரிலிருந்து கொள்ளேகால், அனூர், மாதேசுவரன் மலை வழியாக ஒரு பகல் முழுதும் பேருந்துப் பயணம். அன்னையாரிடம் மகள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"அது என்ன ஆட்டம், கண்ணு?" என்று அன்னையார் மருமகளைக் கேட்டார்.

"சல்சா, அத்தை. குழம்பு என்று பொருளாம்."

"குழம்பு ஆட்டமா? சரி, ஒரு கரண்டி காட்டு, பார்ப்போம்."

முற்றத்தில் ஆடிக் காட்டினோம். அன்னையார் நகைக்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு, "இப்போது என் ஆட்டத்தைப் பார்" என்று மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கும்மியடித்தார். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, அடியெடுத்து வட்டமாகச் சுற்றி வந்தார்கள். அகவை அறுபத்தெட்டு, மூச்சு வாங்கவில்லை. நாம் திண்ணையோரம் நின்று பார்த்தோம்.

நின்று பார்ப்பது நமக்குப் பழைய வழக்கம். சிறுவயதில், மாதேசுவரன் மலைத் திருவிழாவின்போது கன்னடக் கம்சாளே ஆட்டக்காரர்களைப் பார்ப்போம். ஒரு கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம். மறுகையில் கயிற்றில் கட்டிய தட்டு. அதை வீசிச் சுழற்றி, தோளுக்குப் பின்னும் காலுக்கிடையிலும் கொண்டுபோய்த் தாளம் தவறாமல் மோதுவார்கள். அப்போதும் நின்று பார்த்ததோடு சரி. கம்சாளே அவர்களுடையது, கும்மி பெண்களுடையது, நமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தோம்.

அன்னையார் அதை அறிந்தவர் போல, "உன் அப்பா ஒயில் கும்மி ஆடினவர். துண்டைக் கையில் பிடித்து ஆண்கள் வரிசையில் முதலாவதாக நிற்பார். உன்னைக் கூப்பிட்டால் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாய்" என்றார். நமக்கு அது நினைவில்லை. அன்று மாலை அன்னையார் சொல்லச் சொல்ல, ஒரு துண்டை எடுத்து ஒயில் கும்மியின் முதலடியை ஆடிப் பார்த்தோம். மைசூர் மாடியில் கால் கூச்சம் நீங்கியிருந்ததால் ஒருவாறு வந்தது.

மறுநாள் திரும்பும் பேருந்துக்காகப் பாலத்தருகே நின்றிருந்தோம். ஆற்றில் நீர் குறைவு. எதிர்க்கரையில் கொளத்தூருக்குப் போகும் பேருந்து கிளம்ப ஆயத்தமாக நின்றது. நாம் இல்லாளிடம், "ஆவணியில் நீ ஒன்று கேட்டாய். நான் மறுமொழி சொல்லவில்லை. அதற்கு முன்பு, நான் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மைசூரில் இருப்போமா? சேலத்திற்கே திரும்ப எழுதிப் பார்க்கவா? நீ கொளத்தூரில் ஓராண்டு இருப்பதானாலும் எனக்கு இசைவே" என்றோம்.

அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. நாமும் அவசரப்படுத்தவில்லை. எதிர்க்கரைப் பேருந்து புறப்பட்டுப் போயிற்று.

"குழந்தைக்கு இந்தப் படிப்பாண்டு முடியட்டும். டீச்சரம்மா எனக்குக் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் பார்ப்போம். வைகாசியில் மறுபடியும் கேளுங்கள்" என்றாள். சற்றுப் பொறுத்து, "கேட்பீர்கள்தானே?" என்றாள்.

கேட்போம். இங்கே அச்சில் ஏற்றிவிட்டதால் இனித் தப்பவும் வழியில்லை.

இனி, வினவிய பெரியவர்களுக்கு நம் மறுமொழி. இந்த ஆட்டம் தமிழ்ப் பண்புக்கு ஒவ்வுமா என்கிறீர்கள். மைசூர்ச் சீமையில் மூகூர் என்னும் ஊரைச் சேர்ந்த சுந்தரம் மாஸ்டர் சென்னைக்குப் போய்த் தமிழ்த் திரையுலகத்தையே ஆட்டுவித்தார். அவர் மைந்தர் பிரபுதேவாவின் ஆட்டத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் ஆடாத நாளில்லை. கன்னட நாட்டுக் கால் தமிழ்நாட்டில் ஆடிய போது நாம் கை தட்டினோம். கியூபாவின் முழவுக்குத் தமிழ்நாட்டுக் கால் மைசூரில் ஆடினால் மட்டும் பண்பு குறைந்துவிடாது. விருப்பமில்லாதவர் கையைப் பற்றாதிருப்பதும், வேண்டா என்பவரை விட்டுவிடுவதும் அந்தக் கூடத்தில் முதல் பாடம். அது எந்த நாட்டிற்கும் பண்புதான். ஒவ்வாது என்று கருதுவோர் கற்க வேண்டா. அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் இல்லத்திலும் பகலெல்லாம் பேசாதிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். மனைவியாகவோ, ஊரிலிருந்து அழைத்துவந்த தாயாராகவோ இருக்கலாம். ஆட்டமே ஆக வேண்டும் என்பதில்லை. தையலோ, பாட்டோ, மொழி வகுப்போ எதுவாயினும் ஆகும். அவர் ஒன்றைச் சுட்டி 'போவோமா?' என்றால், உடன் போங்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லையெனில், நீங்கள் கேளுங்கள். கேட்ட பின் ஓர் எண்ணிக்கை பொறுத்திருங்கள்.

நம் சங்க ஆண்டு விழாவில் ஆடுவீர்களா என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். இல்லாளைக் கேட்டு எழுதுகிறோம். அடுத்த திங்கள் குடும்ப அட்டை.